டிரெட்மில்லில் 11-ஆவது நிமிடம்: உங்களுக்கு எந்த உடற்பயிற்சி சலிக்கிறது, ஏன்?

சுங்கை ஆரா டெக்னீஷன் (பினாங்கு) கேட்டது:

வணக்கம். எனக்கு 46 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 19 வருடமாக டெக்னீஷன் வேலை. உங்களுக்கு எந்த உடற்பயிற்சி சலிப்பாக இருக்கிறது, ஏன் என்று கேட்க வந்திருக்கிறேன். "பிடிக்கவில்லை" என்பதோடு விட்டுவிடாமல், எந்த நேரத்தில், எதைப் பார்த்ததும் மனசு விட்டுப்போகிறது என்று எழுதினால் எனக்கு ரொம்ப உதவியாக இருக்கும்.

போன வருடம் அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹெச்பிஏ1சி (3 மாதச் சர்க்கரை அளவு) 6.1 என்று வந்தது. இனிப்பு நீர் (நீரிழிவு) இன்னும் வரவில்லை, ஆனால் வாசலுக்கு வந்துவிட்டது என்றார் டாக்டர். என் அப்பாவுக்கு இனிப்பு நீரால் கால் விரல் இரண்டை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டைப் பிரித்துப் பிரித்து மருந்து போட்டவன் நான். அதனால் டாக்டர் சொன்னதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும், 2 நாள் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்று மிஸ்ஸி (தாதி) ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவும் அதுதானாம், 150-இலிருந்து 300 நிமிடம்.

எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன ஜிம் இருக்கிறது. சுவரைப் பார்த்தபடி இரண்டு டிரெட்மில். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் என்று கணக்குப் போட்டுத் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் பிரச்சினை இல்லை. புதுக் காலணி, புது ஆசை. மூன்றாவது வாரத்தில்தான் அந்த 11-ஆவது நிமிடம் வந்தது.

அதை எப்படிச் சொல்வது? கால் வலிக்காது. மூச்சு சீராக இருக்கும். இன்னும் ஒரு மணி நேரம்கூட நடக்கலாம் என்று உடம்பு சொல்லும். ஆனால் சிவப்பு எழுத்தில் 11:00 வந்ததும் நெஞ்சுக்குள் ஒரு கனம் இறங்கும். இன்னும் 19 நிமிடம். எதிரே வெள்ளைச் சுவர், அதில் ஒரு பிளக்குத் துளை. 11:04. 11:05. துண்டை எடுத்து அந்த எண்ணை மூடிப் பார்த்தேன். துண்டுக்கு அடியில் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதுதான் அப்புறம் முழு நேர யோசனை. பாட்டுப் போட்டேன். பாட்டே கணக்காகிவிட்டது, ஒரு பாட்டு நாலரை நிமிடம் என்றால் இன்னும் நாலு பாட்டு. பக்கத்தில் இருந்த உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளுக்கு மாறினேன், அங்கே 7-ஆவது நிமிடத்திலேயே அது வந்தது. ஏழாவது வாரம் விட்டுவிட்டேன்.

வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். மனைவி கோபமாகச் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறாள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நான் 12 மணி நேர ஷிஃப்ட்டில் நின்றபடி வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தண்ணீர்க் குழாய், மின்விசிறி எல்லாம் நானே கழற்றிப் பூட்டுவேன். சோம்பல் என்ற சொல் இதற்குப் பொருந்தவில்லை. பொருந்தாத பெயரை வைத்துக்கொண்டு மருந்து தேட முடியாது என்று நினைக்கிறேன்.

இதில் என்னை யோசிக்க வைத்த ஒன்று உண்டு. நடுவில் ஒரு நாள் நெஞ்சு ஒரு மாதிரி இருந்ததால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டிரெட்மில்லில் ஏற்றிப் பரிசோதித்தார்கள் (ஒன்றும் இல்லை, இதயம் நன்றாக இருக்கிறது). நெஞ்சு முழுக்க ஒயர். முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், ஆனால் 10 சதவீத ஏற்றம். அடுத்த 3 நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். அதற்கடுத்து ஏறக்குறைய ஐந்தரை, 14 சதவீதம். இப்படி 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடிக்கொண்டே போகும். ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் வகுத்ததாம், புரூஸ் முறை என்றே சொல்கிறார்கள். நான்காவது கட்டத்தில் கொஞ்சம் போய் நிறுத்தினேன். கீழே இறங்கிய பிறகுதான் உறைத்தது: 10 நிமிடத்துக்கு மேல் டிரெட்மில்லில் இருந்திருக்கிறேன், ஒரு நொடிகூடச் சலிக்கவில்லை. அதே மெஷின். எதிரே அதே மாதிரி வெள்ளைச் சுவர்.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சர்க்யூட் பலகையில் சின்னச் சின்னப் பாகங்களைப் பதிக்கும் மெஷின்கள் என் பொறுப்பு. மெஷின் நன்றாக ஓடும்போது எனக்கு வேலை இல்லை. தலைக்கு மேலே ஒரு திரை இருக்கும், அன்றைய இலக்கு ஒரு பக்கம், ஆனது ஒரு பக்கம். அந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதாவது மெஷின் ஓட, நான் எண்ணைப் பார்த்துக் காத்திருப்பதுதான் என் பகல். வீட்டுக்கு வந்து சம்பளமும் இல்லாமல் அதையே இன்னொரு அரை மணி நேரம் செய்யச் சொன்னால் மனசு மறுக்கிறது. இது சரியான விளக்கமா, அல்லது நானே எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமா? உங்கள் அனுபவம் என்ன?


நீலத் தண்ணீர் (செராஸ், கோலாலம்பூர்):

சமாதானம் இல்லை தம்பி. எனக்கு நேர் எதிராக நடக்கிறது, அதனாலேயே நீங்கள் சொல்வது உண்மை என்று நம்புகிறேன்.

நான் 28 வருடம் தாதி. வார்டில் ஒரு நிமிடம் முழுசாக என்னுடையதாக இருந்தது கிடையாது. படுக்கையில் இருப்பவர் கூப்பிடுவார், டாக்டர் கூப்பிடுவார், மணி அடிக்கும், போன் அடிக்கும். ஊசி மருந்தை அளந்துகொண்டிருக்கும்போதே தோளைத் தட்டுவார்கள். இப்போது வாரத்தில் 3 நாள் நீச்சல் குளத்துக்குப் போகிறேன். 50 மீட்டர் குளம், 20 தடவை கடந்தால் 1 கிலோமீட்டர். தலையைத் தண்ணீருக்குள் வைத்தால் கண்ணுக்குத் தெரிவது அடியில் ஓடும் கறுப்புக் கோடு மட்டும். காதில் என் மூச்சுக் குமிழ்ச் சத்தம் மட்டும். நீச்சல்தான் உலகத்திலேயே சலிப்பான காரியம் என்கிறான் என் மகன், பார்க்க ஒன்றும் இல்லை, கேட்க ஒன்றும் இல்லை, போய் முட்டித் திரும்பு, போய் முட்டித் திரும்பு என்பான். அந்த "ஒன்றும் இல்லை"தான் எனக்கு வேண்டியது. அங்கே யாரும் என்னைக் கூப்பிட முடியாது.

என்னால் தாங்க முடியாதது எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஞாயிறு காலையில் நடக்கும் செனாம்ரோபிக், அதாவது பாட்டுக்குக் கூட்டமாக ஆடும் உடற்பயிற்சி. ஒலிபெருக்கி, மேடையில் ஒரு பெண், "கையைத் தூக்கு, இடது, வலது, இன்னும் எட்டு!" என்று விடாமல் கட்டளை. நல்ல பெண்தான், எல்லோரும் சிரித்துக்கொண்டு ஆடுகிறார்கள். எனக்கு 10 நிமிடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். அடுத்தவர் சொல்லச் சொல்லச் செய்வது என் ஷிஃப்ட் மாதிரியே இருக்கிறது. சலிப்பு என்றால் ஒன்றும் நடக்காமல் இருப்பது என்று நினைப்போம், இவ்வளவு நடந்துகொண்டிருக்கும் இடத்திலும் எனக்குச் சலித்தது.

நீங்கள் பகலில் எதை அதிகமாகச் செய்கிறீர்களோ அது இல்லாத பயிற்சியைத் தேடுங்கள். வயிற்றுப் பசி மாதிரிதான் இதுவும், மூன்று வேளையும் சோறு தின்றவனுக்கு நாலாவது வேளையும் சோறு இறங்காது. இன்னொன்று, 6.1 என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. விட்டுவிடாதீர்கள். அந்தக் கால்களை வார்டில் நிறையப் பார்த்தவள் சொல்கிறேன்.


தோட்டத்துப் பிள்ளை (நிபோங் திபால், பினாங்கு):

தம்பி, வயதில் மூத்தவன் என்பதால் நேராகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு 68. நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். என் அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து, பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்ப் பேர் கொடுத்து, இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் இறங்குவார். ஒரு நாளைக்கு 500 மரம் போல. முதலில் ஒரு சுற்று வெட்டிக்கொண்டே போக வேண்டும், அப்புறம் திரும்பி மரத்தில் இருக்கும் மங்கு (கிண்ணம்) மங்காகப் பால் எடுத்து வாளியில் ஊற்ற வேண்டும், அப்புறம் காண்டா என்ற தோள்கம்பில் இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோர் வரைக்கும் நடக்க வேண்டும். கொசு, அட்டை, மழை. 30 வருடம் செய்தார். சலிக்கிறது என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

வேலை என்று நினைத்தால் செய்துவிடலாம். அரை மணி நேரம் நடப்பதற்கு மனசு ஒத்துழைக்க வேண்டும் என்று காத்திருந்தால் நோய் காத்திருக்காது. நான் இன்றும் காலையில் 5 கிலோமீட்டர் நடக்கிறேன், தினமும் அதே பாதை. சலிப்பா இல்லையா என்று யோசிப்பதே இல்லை.


சுங்கை ஆரா டெக்னீஷன்:

ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நோய் காத்திருக்காது என்று நீங்கள் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் கேட்கலாமா? என் பாட்டியும் பால் வெட்டியவர்தான். சலிக்கிறதா என்று அவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சின்ன வயதில் ஒரு பள்ளி விடுமுறையில் அவர் வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் மரத்துக்குக் காயம், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அந்த இடத்தில் அப்புறம் ஒழுங்காக வெட்டவே முடியாது, மண்டோர் (மேற்பார்வையாளர்) வந்து பார்த்தால் ஏச்சு. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி. 500 மரம் என்றால் 500 தடவை கையும் கண்ணும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அந்த வேலையின் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை ஐயா, அது எனக்குத் தெரியும். ஆனால் டிரெட்மில்லில் நான் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுகூட இல்லை. நின்றுவிடலாமா வேண்டாமா என்பது மட்டும்தான் பாக்கி. 19 நிமிடமும் அந்த ஒரே முடிவைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.


அரைமண்டி (பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்):

மேலே டெக்னீஷன் அண்ணன் எழுதிய கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் கணக்குத் திறந்து உள்ளே வந்தேன்.

நான் 11 வயதிலிருந்து பரதம் கற்கிறேன், இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் எங்கள் வகுப்பைவிடச் சலிப்பானது எதுவும் இருக்க முடியாது. முதல் அடவு (ஆட்டத்தின் அடிப்படை அசைவு) தட்டடவு. அரைமண்டியில், அதாவது முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கித் தூக்கித் தட்ட வேண்டும், அவ்வளவுதான். "தையா தை, தையா தை." அதே தட்டு மாதக்கணக்கில். ஆனால் முதல் காலத்தில் தாளத்தின் ஒரு அடிக்கு ஒரு தட்டு. இரண்டாம் காலத்தில் அதே அடிக்குள் இரண்டு. மூன்றாம் காலத்தில் நான்கு. டீச்சர் தட்டுமனை என்ற மரப்பலகையில் தட்டுக்கழியால் தாளம் போடுவார், அது மாறாது, நாம்தான் அதற்குள் நம்மை அடக்க வேண்டும். மூன்றாம் காலத்தில் அரைமண்டி தானாக மேலே எழும்பும், அதைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். முதுகு வளையும். முழங்கால் முன்னால் வரும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகும். தொடை எரியும். ஆனாலும் ஒரு மணி நேரம் போனதே தெரியாது.

அதனால் திரும்பத் திரும்பச் செய்வதால் சலிப்பு வருகிறது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்குச் சலிப்பது எது தெரியுமா? ஜிம்மில் நாற்காலி மாதிரி ஒரு மெஷின் இருக்கும், உட்கார்ந்து கணுக்காலுக்கு மேலே உள்ள பஞ்சுக் கட்டையைக் காலால் தூக்கி இறக்குவது. தொடைக்கு நல்லது என்று போய்ச் செய்தேன். 12 தடவை, ஓய்வு, 12 தடவை. இரண்டாவது சுற்றிலேயே மனசு எங்கேயோ போய்விட்டது. மெஷின் போகும் வழியில்தான் கால் போகும், தப்பாகச் செய்ய வழியே இல்லை. தப்புக்கு இடம் இல்லாத இடத்தில் என் மனசுக்கு வேலை இல்லை.

பிள்ளைகளிடமும் இதைத்தான் பார்க்கிறேன். சலித்துப்போய்க் கொட்டாவி விடும் பிள்ளையிடம் "வேகமாகச் செய்" என்றால் பயனில்லை. "இந்தத் தடவை குதிகால் சத்தம் கேட்காமல் முழுப் பாதச் சத்தம் மட்டும் கேட்க வேண்டும்" என்றால் உடனே கண் விழிக்கும்.


ஜாலான் ஈப்போ வாத்தியார் (கோலாலம்பூர்):

நான் இடைநிலைப்பள்ளியில் சரித்திரம் படித்துக் கொடுக்கிறவன். டிரெட்மில்லைப் பற்றி ஒரு தகவல். 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதை அமைத்தது சிறைக் கைதிகளுக்காக. ஒரு பெரிய உருளையில் படிகள் இருக்கும், கைதிகள் வரிசையாக நின்று மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏறுவார்கள், ஆனால் நின்ற இடத்திலேயே இருப்பார்கள். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, சிலவற்றில் ஒன்றையும் அரைக்காமல் சும்மா சுற்றியது. பல இடங்களில் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கவோ அவருடன் பேசவோ முடியாதபடி இடையில் பலகைத் தடுப்பு. 1898-இல் வந்த சிறைச் சட்டத்துக்குப் பிறகுதான் இங்கிலாந்தில் இது மறைந்தது.

உங்கள் ஜிம்மில் மெஷின் சுவரைப் பார்த்து நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சன்னல் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி நிர்வாகத்தைக் கேளுங்கள். கே.எல்.சி.சி. பூங்காவில் 1.3 கிலோமீட்டர் ஓடுபாதையில் நான் சுற்றிச் சுற்றித்தான் ஓடுகிறேன், நாலு சுற்று. அதே பாதை, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வேறு பிள்ளை தண்ணீரில் விளையாடும், வேறு யாரோ படம் எடுப்பார்கள். பார்க்க ஏதாவது இருந்தால் எனக்கு அது போதும்.


வலது முட்டி (ஜெலுத்தோங், பினாங்கு):

எல்லோரும் பிடித்ததைத் தேடுங்கள் என்கிறீர்கள். தேட வழியில்லாதவர்கள் சார்பில் நான் எழுதுகிறேன்.

சேப்பாக் தக்ராவ் (பிரம்புப் பந்தைக் காலால் வலைக்கு மேலே அடிக்கும் ஆட்டம்) ஆடும்போது குதித்து இறங்கியதில் வலது முட்டி ஜவ்வு அறுந்து அறுவை சிகிச்சை ஆனது. அதற்குப் பிறகு பிசியோவில் கொடுத்த பயிற்சி: மல்லாந்து படுத்துக் காலை நேராக ஒரு அடி உயரம் தூக்கி, 5 நொடி பிடித்து, இறக்கு. 10 தடவை, 3 சுற்று, ஒரு நாளைக்கு 3 வேளை. இதில் பார்க்கவும் ஒன்றுமில்லை, முடிவெடுக்கவும் ஒன்றுமில்லை. வீட்டுக் கூரையில் எத்தனை பலகை என்று எனக்கு இன்னும் மனப்பாடம். ஆனால் விட்டால் தொடைத் தசை கரைந்துவிடும், முட்டி நிற்காது.

எனக்கு இதில் சலிப்பு எங்கிருந்து வந்தது என்றால், செய்ததற்கும் செய்யாததற்கும் வித்தியாசமே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்டத்தில் பந்து விழுந்தால் புள்ளி, இங்கே எதுவும் இல்லை. பிசியோ செய்யும் பெண் ஒரு நாள் தையல் டேப்பை எடுத்து முட்டிக்கு மேலே 10 சென்டிமீட்டரில் இரண்டு தொடையையும் அளந்தார். வலது 2 சென்டிமீட்டர் குறைவு. "15 நாளுக்கு ஒருமுறை அளப்போம்" என்றார். அன்றிலிருந்து நான் ஒரு வேளைகூட விடவில்லை. இரண்டாவது தடவை அளந்தபோது அரை சென்டிமீட்டர் ஏறியிருந்தது, அந்த டேப்பை வாங்கி நானே இன்னொரு தடவை அளந்து பார்த்தேன்.

டெக்னீஷன் அண்ணே, ஒரு எச்சரிக்கை. ஆஸ்பத்திரியில் செய்தது சலிக்கவில்லை என்பதற்காக அதே ஏற்றத்தை வீட்டு ஜிம்மில் தனியாகப் போட்டுப் பார்க்காதீர்கள். அது பரிசோதனை, பக்கத்தில் ஆள் இருந்து இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 3 நிமிடத்துக்கு ஒரு மாற்றம் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்றம் 2, 3 சதவீதம் போதும்.


சுங்கை ஆரா டெக்னீஷன் (6 வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதாமல் இருந்தது மறந்ததால் இல்லை. செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

வாத்தியார் ஐயா, நிர்வாகத்தில் கேட்டேன். பிளக்கு ஒயர் எட்டாது என்றார்கள், நானே நீள ஒயர் வாங்கிக் கொடுத்தேன், ஒரு மெஷினைத் திருப்பிவிட்டார்கள். இப்போது கீழே கூடைப்பந்துத் திடல் தெரிகிறது. சாயங்காலம் 6 மணிக்குப் பிள்ளைகள் விளையாடுவார்கள். 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையோ ஏற்றத்தையோ நானே கையால் மாற்றுகிறேன். அதற்கென்று மெஷினிலேயே ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் அதுவே மாற்றிக்கொள்ளும். அதை இரண்டு நாள் பயன்படுத்திவிட்டு நிறுத்திவிட்டேன். அது மாற்றினால் நான் மறுபடியும் காத்திருப்பவனாகிவிடுகிறேன். நான் மாற்ற வேண்டும் என்றால் காலையும் மூச்சையும் கவனித்து, ஏறலாமா இறங்கலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அரைமண்டி தங்கை சொன்னதைக் கேட்டு, பாதம் விழும் சத்தத்தை மெதுவாக்குவதையும் செய்து பார்க்கிறேன். நன்றாகவே இருக்கிறது. சலிப்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், 11-ஆவது நிமிடத்தில் வந்தது இப்போது 20-க்குப் பக்கத்தில் வருகிறது. அதனால் 20-இலேயே இறங்கிவிடுகிறேன். வாரத்தில் 3 நாள், 60 நிமிடம் ஆயிற்று. தசைக்கு என்று வீட்டிலேயே 2 நாள் சுவரைப் பிடித்துத் தள்ளுவதும் உட்கார்ந்து எழுவதும், அது 15 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பாக்கி 90 நிமிடத்தைத்தான் சொல்ல ஆசைப்படுகிறேன். சனிக்கிழமை காலையில் என் மகளைக் கூட்டிக்கொண்டு பூமலைப் பக்கம், அதாவது தாவரவியல் பூங்கா வாசலுக்குப் போய், அங்கிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதையில் நடக்கிறோம். உச்சிவரை 5 கிலோமீட்டர் இருக்கும், நாங்கள் பாதி வழியில் எல்லோரும் "84" என்று சொல்லும் இளைப்பாறும் இடம் வரைக்கும்தான் போகிறோம். தார்ச் சாலைதான், ஆனால் செங்குத்து. முதல் வளைவிலேயே பேச்சு நின்றுவிடும். எங்கே மூச்சு வாங்குவது, எந்த ஓரமாக ஏறினால் கொஞ்சம் சாய்வு குறைவு, மேலிருந்து ஜீப் வரும் சத்தம் கேட்கிறதா, பாசி பிடித்த இடத்தில் கால் எங்கே வைப்பது என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கறுங்குரங்குகள் மரத்தில் உட்கார்ந்திருக்கும், மகள் நின்று பார்ப்பாள், எனக்கும் ஓய்வு. நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி வண்டியிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். போய் வந்து பார்த்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை மழை, போக முடியவில்லை, அன்றைக்கு முழுவதும் எதையோ விட்டுவிட்டது மாதிரி இருந்தது. 46 வருடத்தில் உடற்பயிற்சி செய்யாததற்காக நான் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

முட்டி தம்பி, உங்கள் டேப்புக்கு என்னிடம் பதில் இருக்கிறது: ரத்தப் பரிசோதனை. அது 3 மாதச் சர்க்கரையைக் காட்டுவது என்பதால் இப்போதே எடுத்துப் பயனில்லை என்று மிஸ்ஸி சொன்னார். இன்னும் 7 வாரம் இருக்கிறது. நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் இடுப்பு வார் ஒரு ஓட்டை உள்ளே போயிருப்பதை வைத்து ஓட்டுகிறேன்.

நீலத் தண்ணீர் அக்கா, மனைவியிடம் உங்கள் பதிலைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். சோம்பேறித்தனம் என்ற பேச்சு வீட்டில் இப்போது இல்லை. சனிக்கிழமை எங்களோடு வர முடியாது, அவளுக்கு ஏற்றம் ஆகாது. ஆனால் காலை 5 மணிக்கே எழுந்து இரண்டு போத்தல் தண்ணீரும் அவித்த கடலையும் கட்டி வைத்துவிடுகிறாள்.

தோட்டத்துப் பிள்ளை ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். போன வாரம் ஏறும்போது பாட்டி ஞாபகம் வந்தது. விடிவதற்கு முன்பே ஏன் வெட்ட வேண்டும், காலையில் குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும் என்றெல்லாம் மகளுக்குச் சொன்னேன். அவள் இன்னும் நிறையக் கேட்டாள், எனக்குப் பாதிதான் தெரிந்தது. காண்டாவை எந்தத் தோளில் மாற்றுவார்கள், அட்டை கடித்தால் என்ன செய்வார்கள் என்று கேட்கிறாள். நீங்கள் தினமும் 5 கிலோமீட்டர் நடப்பவர். ஒரு சனிக்கிழமை பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வர முடியுமா? 6 மணிக்குப் பூங்கா வாசலில் இருப்போம். பஸ் நிலையத்தில் நானே வந்து உங்களை ஏற்றிக்கொள்கிறேன்.


தோட்டத்துப் பிள்ளை:

படித்தேன் தம்பி. அம்மாவிடம் நானும் கேட்டதில்லைதான். நீங்கள் அன்றைக்கு எழுதியதிலிருந்து அது மனதில் இருக்கிறது.

அம்மா காண்டாவை வலது தோளில்தான் வைப்பார், ஏற்றத்தில் மட்டும் இடதுக்கு மாற்றுவார். அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர். மீதியைப் பிள்ளைக்கு நேரில் சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை வேண்டாம், பேரன் பிறந்தநாள். அடுத்த சனிக்கிழமை வருகிறேன். பஸ் வேண்டாம், மகன் கொண்டுவந்து விடுவான். 6 மணி கொஞ்சம் தாமதம், ஐந்தரைக்கு வையுங்கள்.